ஆண்டின் சிறந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸ்: ரசிகர் வாக்கெடுப்பை முறையாக நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் நெருங்கினால் காமிக்ஸ் வாசகர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சுதான். இந்த ஆண்டின் சிறந்த தொடர் எது, சிறந்த ஓவியர் யார்? பேட்மேன் ரசிகர் பேட்மேன் இதழைச் சொல்வார், ஸ்பைடர்மேன் ரசிகர் ஸ்பைடர்மேன் இதழைச் சொல்வார். அந்த இதழ்களை எழுதியவர், பென்சிலில் வரைந்தவர், அதன்மேல் மை தீட்டியவர், வண்ணம் சேர்த்தவர் ஆகியோரின் பெயர்கள் யார் வாயிலும் வராது. பல ஆண்டுகளாக ஒரு சிறிய வாசகர் குழுவில் வாக்குகளை எண்ணி வருகிறேன். கதாபாத்திரத்தின் மீதுள்ள பாசம் படைப்பாளியின் உழைப்பை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதே இந்த வேலையின் பாதி என்பது என் அனுபவம். பிரிவுகள் பிரிப்பதிலிருந்து வாக்கு எண்ணுவது வரை ஒவ்வொரு முடிவையும் அதை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும்.

தொடங்கும் முன் கொஞ்சம் வரலாறு

ரசிகர்கள் வாக்களித்துத் தந்த முதல் காமிக்ஸ் விருது ஆலி விருது. 1961-ஆம் ஆண்டின் இதழ்களுக்காக, ஜெர்ரி பெயில்ஸ், ராய் தாமஸ் என்ற இரண்டு ரசிகர்கள் அதைத் தொடங்கினார்கள். செய்தித்தாள் சித்திரத்தொடர் ஒன்றின் நாயகனான 'ஆலி ஊப்' என்ற குகை மனிதனின் பெயரை விருதுக்குச் சூட்டினார்கள். காலவரிசைப்படி பார்த்தால் குகை மனிதன்தானே முதல் வீரனாக இருந்திருக்க வேண்டும் என்பது தாமஸின் கணக்கு. அந்த முதல் ஆண்டில் சிறந்த தனி இதழாக ரசிகர்கள் தேர்ந்தெடுத்தது 'தி ஃப்ளாஷ்' 123-ஆம் இதழ். ஃப்ளாஷ் என்ற அதிவேக நாயகனின் பழைய வடிவமும் புதிய வடிவமும் சந்திக்கும் அந்தக் கதையை எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ், வரைந்தவர் கார்மைன் இன்ஃபன்டினோ, மை தீட்டியவர் ஜோ ஜியெல்லா. சூப்பர் ஹீரோ கதைகளில் இணை உலகங்கள் என்ற எண்ணம் வேரூன்றியது இந்த இதழிலிருந்துதான். ரசிகர்களின் கண் அன்றைக்கே தவறவில்லை.

அன்று ரசிகர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்ததே வாசகர் கடிதப் பகுதியின் வழியாகத்தான். 'தி ஃப்ளாஷ்' இதழின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் தம் பொறுப்பில் வந்த இதழ்களில் கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட்டார். முகவரி கிடைத்ததும் அவர்கள் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொண்டார்கள், சிறு இதழ்கள் நடத்தினார்கள், வாக்குச் சீட்டு அனுப்பினார்கள். 1964 மார்ச்சில் டெட்ராய்ட்டில் பெயில்ஸின் வீட்டில் ரசிகர்கள் ஒன்றுகூடி அந்தச் சீட்டுகளை எண்ணினார்கள். நாம் நடத்தப்போகும் எந்த வாக்கெடுப்புக்கும் அந்த வீட்டுக் கூடம்தான் முன்மாதிரி.

எல்லா விருதும் ரசிகர் விருது அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1988-இல் தொடங்கிய ஐஸ்னர் விருதில் நடுவர் குழு பட்டியல் போடும், துறையில் இருப்பவர்கள் வாக்களிப்பார்கள். 2017-இல் தொடங்கிய ரிங்கோ விருதில் பட்டியலைத் தேர்ந்தெடுப்பதில் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு, இறுதி வாக்கு துறையினருடையது. பிரிட்டனில் 1977 முதல் வழங்கப்பட்ட ஈகிள் விருது ரசிகர்களின் வாக்கில் நின்றது. துறையினருக்குத் தொழில்நுட்பம் கண்ணில் படும், ரசிகருக்கு மாதாமாதம் காத்திருந்து படித்த அனுபவம் இருக்கும். இரண்டும் வேறு வேறு சாட்சியங்கள். நம்முடையது இரண்டாவது வகை, அதில் தயக்கம் வேண்டாம்.

படி 1: எது இந்த ஆண்டு?

சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விதான் அதிகச் சண்டையைக் கிளப்பும். அமெரிக்கக் காமிக்ஸில் அட்டையில் அச்சான மாதமும் கடைக்கு வந்த மாதமும் ஒன்றாக இருப்பதில்லை. ஸ்பைடர்மேன் முதன்முதலாகத் தோன்றிய 'அமேசிங் ஃபேன்டஸி' 15-ஆம் இதழின் அட்டையில் 1962 ஆகஸ்ட் என்று இருக்கும். கடைக்கு வந்ததோ ஜூனில். ஆண்டுக் கடைசியில் வரும் இதழ்களில் அடுத்த ஆண்டின் மாதம் அச்சாகியிருப்பது இதனால்தான். விற்பனைக்கு வந்த நாளையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வாசகர் படித்த காலம் அதுதான்.

அடுத்த சிக்கல், ஆண்டுகளைத் தாண்டி ஓடும் குறுந்தொடர்கள். 'வாட்ச்மென்' 12 இதழ்கள் 1986-இல் தொடங்கி 1987-இல் முடிந்தன. 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' 12 இதழ்கள் 2005 கடைசியில் தொடங்கி 2008-இல்தான் முடிந்தன. இவற்றை எந்த ஆண்டில் வைப்பது? நான் பின்பற்றும் விதி இது: குறுந்தொடர் என்ற பிரிவில் கடைசி இதழ் வந்த ஆண்டில் ஒரே ஒரு முறை போட்டியிடலாம். அதன் ஒவ்வோர் இதழும் தான் வந்த ஆண்டில் 'சிறந்த தனி இதழ்' பிரிவுக்குத் தகுதி பெறும். முடிவு தெரியாத குறுந்தொடருக்கு விருது கொடுப்பது, பாதிக் கட்டடத்துக்குப் பாராட்டு விழா நடத்துவது போல.

தொடர்ந்து வெளிவரும் மாத இதழ்களுக்கு, அந்த ஆண்டில் குறைந்தது 3 இதழ்களாவது வந்திருக்க வேண்டும் என்று வையுங்கள். பழைய கதைகளைத் திரட்டிய தொகுப்பு நூல்களுக்கு வேண்டுமானால் தனிப் பிரிவு வைக்கலாம், புதிய படைப்புகளோடு கலக்க வேண்டாம்.

எது சூப்பர் ஹீரோ கதை என்ற விவாதத்தில் நாட்களைக் கழிக்காதீர்கள். ஐயம் வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், வாக்காளர்கள் முடிவு செய்யட்டும்.

படி 2: பிரிவுகளைப் பிரிப்பது

இந்தப் படியில் நிதானம் வேண்டும். 'சிறந்த காமிக்ஸ்', 'சிறந்த எழுத்தாளர்', 'சிறந்த ஓவியர்' என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றும். எங்கள் குழுவின் முதல் ஆண்டில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். முடிவை அறிவித்த பிறகு ஒரு வாசகர் வென்ற இதழை எடுத்து வந்து என் முன் விரித்தார். "இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்தது மழை. அந்த மழையைப் போட்டவர் மை தீட்டியவர். அவர் பெயர் உங்கள் பட்டியலில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து பிரிவுகளை மாற்றினோம்.

ஒரு சூப்பர் ஹீரோ இதழ் பெரும்பாலும் கூட்டு உழைப்பு. எழுத்தாளர் கதையையும் வசனத்தையும் எழுதுகிறார். ஓவியர் பென்சிலில் பக்கத்தை அமைக்கிறார். அதன்மேல் இன்னொருவர் மை தீட்டுகிறார், வேறொருவர் வண்ணம் சேர்க்கிறார், பேச்சுக் குமிழ்களையும் ஓசை எழுத்துகளையும் மற்றொருவர் வரைந்து பொருத்துகிறார். இவர்கள் அனைவரையும் ஒரு ஆசிரியர் ஒருங்கிணைக்கிறார்.

மை தீட்டுவது பென்சில் கோட்டின் மேல் கோடு இழுக்கும் வேலை அல்ல. ஜாக் கிர்பியின் பென்சில் ஓவியங்களை எடுத்துக்கொள்வோம். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழ்களில் 1965-இலிருந்து ஜோ சின்னாட் மை தீட்டினார். இயந்திரங்களின் உலோக மினுமினுப்பு, தசைகளின் திரட்சி, கனத்த கறுப்புத் திட்டுகள் எல்லாம் அங்கே கூர்மையாக நிற்கும். அதே கிர்பியின் 'தோர்' கதைகளில் வின்ஸ் கொலெட்டாவின் கை வேறு மாதிரி. மெல்லிய, கீறலான கோடுகள். புராண காலத்துச் செதுக்கோவியம் போன்ற சாயல் கிடைத்தது என்று சொல்பவர்களும் உண்டு, பின்னணி விவரங்களை அழித்து வேலையைக் குறைத்தார் என்று வருந்துபவர்களும் உண்டு. வரைந்த கை ஒன்று, மை தீட்டிய கைகள் இரண்டு. இரண்டு இதழ்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள், மை தீட்டுபவருக்கு ஏன் தனிப் பிரிவு வேண்டும் என்பது விளங்கிவிடும்.

எழுத்து வரைபவர்களும் அப்படித்தான். 'சேண்ட்மேன்' தொடரில் டாட் க்ளைன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் கொடுத்தார். தொடரின் நாயகனான கனவின் அரசன் பேசும்போது குமிழ் கறுப்பு, எழுத்து வெள்ளை. படிக்கும்போதே தாழ்ந்த, தூரத்துக் குரல் ஒன்று காதில் விழும். எழுத்தை வைத்து ஒலியை உண்டாக்கும் கலைக்கு ஒரு வாக்குக்கூட இல்லையென்றால் அது நியாயமில்லை.

என் பரிந்துரை இது. படைப்புகளுக்கு நான்கு பிரிவுகள்: தொடர் இதழ், குறுந்தொடர், தனி இதழ், அட்டைப்படம். படைப்பாளிகளுக்கு ஆறு: எழுத்தாளர், பென்சில் ஓவியர், மை தீட்டுபவர், வண்ணக் கலைஞர், எழுத்து வரைபவர், அறிமுகப் படைப்பாளி. ஒருவரே எல்லாவற்றையும் செய்வதும் உண்டு. 2017-இல் தொடங்கிய 'மிஸ்டர் மிரக்கிள்' குறுந்தொடரில் மிட்ச் ஜெராட்ஸ் வரைந்து, மை தீட்டி, வண்ணமும் சேர்த்தார். அப்படிப்பட்டவர் மூன்று பிரிவுகளிலும் போட்டியிடலாம் என்று விதியில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

தனி இதழ் பிரிவை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். 2013-இல் வந்த 'ஹாக்ஐ' 11-ஆம் இதழ் முழுக்க ஒரு நாயின் பார்வையில் நகரும். மனிதர்களின் பேச்சில் நாய்க்குப் புரியும் சொற்கள் மட்டுமே தெரியும், மற்றவை கிறுக்கலாக ஓடும். வாசனைகள் குறியீட்டுப் படங்களாக விரியும். மேட் ஃப்ராக்‌ஷன் எழுதி டேவிட் ஆஜா வரைந்த அந்த ஓர் இதழ், அடுத்த ஆண்டின் ஐஸ்னர் விருதைப் பெற்றது. தொடரின் சராசரிக்குள் இத்தகைய இதழ் கரைந்து போகக்கூடாது.

'சிறந்த கதாபாத்திரம்' என்ற பிரிவைத் தவிர்த்துவிடுங்கள். அதில் ஒவ்வோர் ஆண்டும் அதே நான்கு பெயர்கள்தான் வரும்.

படி 3: ஜனவரியிலேயே குறிப்பெடுக்கத் தொடங்குங்கள்

இது வாக்களிப்பவருக்கான படி. டிசம்பரில் உட்கார்ந்து யோசித்தால் அக்டோபரில் படித்தது மட்டும்தான் நினைவுக்கு வரும். மார்ச்சில் கண்கலங்கப் படித்த இதழ் மறந்துபோயிருக்கும். ஓர் இதழைப் படித்து முடித்ததும் மூன்று வரி எழுதுங்கள்: இதழின் பெயரும் எண்ணும், படைப்பாளிகளின் பெயர்கள், உங்களை நிறுத்திய ஒரு படக்கட்டம். மூன்றாவது வரிதான் முக்கியம். "நன்றாக இருந்தது" என்று எழுதாதீர்கள். "14-ஆம் பக்கம், கடைசிக் கட்டம், முகமூடியைக் கழற்றும் கை நடுங்குகிறது" என்று எழுதுங்கள். ஆண்டு முடிவில் அந்தக் குறிப்பைப் படித்தால் படமே கண்முன் வந்து நிற்கும்.

பெயர்களை இதழின் உள்பக்கத்தைப் பார்த்தே எழுத வேண்டும். ஒரு தொடரில் நடுவில் இரண்டு இதழ்களுக்கு மட்டும் வேறு ஓவியர் வந்திருப்பார். நீங்கள் பாராட்ட நினைத்த பக்கம் அவருடையதாகவே இருக்கலாம்.

படி 4: பரிந்துரைகள்

வாக்கெடுப்பை இரண்டு சுற்றாக நடத்துங்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவர் 5 பெயர்கள் வரை பரிந்துரைக்கலாம். அதிகப் பரிந்துரை பெற்ற ஐந்தாறு பெயர்கள் இறுதிப் பட்டியலுக்குப் போகும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு வரிக் காரணம் கேளுங்கள். அந்த ஒரு வரி படிக்காதவரை வடிகட்டிவிடும், படித்தவரின் ஆர்வத்தை மற்றவர்களுக்கும் கொண்டுபோகும்.

பரிந்துரைச் சுற்றில்தான் கூட்டணி வாக்குகள் புகும். அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதில் 2015-இல் இப்படி நடந்தது. ஒரு குழுவினர் ஒரே பட்டியலைச் சேர்ந்து பரிந்துரைத்துப் பல பிரிவுகளை நிரப்பினார்கள். இறுதிச் சுற்றில் வாக்காளர்கள் ஐந்து பிரிவுகளில் 'யாருக்கும் விருது இல்லை' என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதே ஆண்டில் கிராபிக் கதைக்கான ஹியூகோ 'மிஸ் மார்வெல்' முதல் தொகுதிக்குப் போனது. உங்கள் சீட்டிலும் 'யாருக்கும் இல்லை' என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான ஆண்டுகளில் தேவைப்படாது, தேவைப்படும் ஆண்டில் மானத்தைக் காக்கும்.

இறுதிப் பட்டியலுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது மூன்று வாரம் விடுங்கள். விடுபட்டதை எல்லாரும் தேடிப் படிக்க அந்த நாட்கள் வேண்டும்.

படி 5: ஒருவருக்கு ஒரு வாக்கு

1988-இல் டிசி நிறுவனம் பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாடின் உயிரை வாசகர்களின் தொலைபேசி வாக்குக்கு விட்டது. இரண்டு எண்கள், ஓர் அழைப்புக்கு 50 சென்ட், 36 மணி நேரம். சாகட்டும் என்றவை 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்றவை 5,271. வெறும் 72 வாக்கு வித்தியாசத்தில் அந்தப் பாத்திரம் இறந்தது. ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்பதால், அந்த 72-க்குப் பின்னால் எத்தனை மனிதர்கள் இருந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஒருவர் பிடிவாதமாக அழைத்திருந்தாலும் போதும்.

இறுக்கமான போட்டியில் ஒரு சில கள்ள வாக்குகளே முடிவை மாற்றிவிடும். வாக்காளர் பட்டியலை வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே மூடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள், சீட்டில் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருக்கட்டும். எண்ணுக்குரிய பெயர் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும், அவர் வாக்கு எண்ணக்கூடாது. படிக்காத பிரிவைக் காலியாக விடலாம் என்பதைச் சீட்டின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். வண்ணக் கலைஞர் பிரிவில் ஊகித்துப் போட்ட வாக்கு, ஆண்டு முழுவதும் கவனித்துப் படித்த ஒருவரின் வாக்கை ரத்து செய்துவிடும்.

படி 6: எப்படி எண்ணுவது

எண்ணும் முறையே வெற்றியாளரை மாற்றும் என்பதைப் பலர் நம்புவதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். 60 வாக்காளர்கள், 3 தொடர்கள். 'அ' என்பது புகழ்பெற்ற கதாபாத்திரத்தின் தொடர். 'ஆ', 'இ' இரண்டும் புதிய முயற்சிகள், ஏறக்குறைய ஒரே வாசகர்களுக்குப் பிடித்தவை. 24 பேர் அ, ஆ, இ என்று வரிசைப்படுத்துகிறார்கள். 20 பேர் ஆ, இ, அ என்கிறார்கள். 16 பேர் இ, ஆ, அ என்கிறார்கள்.

முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் 'அ' 24 வாக்குகளோடு வெல்லும். ஆனால் மீதி 36 பேர் அதைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது கடைசியில் இருப்பதை நீக்கி எண்ணுவோம். 'இ' 16 வாக்குகளோடு வெளியேறும். அந்த 16 பேரின் இரண்டாம் விருப்பம் 'ஆ' என்பதால் அது 36 ஆகும். 'ஆ' வெல்லும்.

புள்ளி முறையில் முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 என்று கொடுத்தால், 'ஆ' 140, 'இ' 112, 'அ' 108. முதல் முறையில் வென்ற தொடர் இங்கே கடைசி இடம்!

புள்ளி முறை எளிமையானது, ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. 'அ'வின் ரசிகர்கள் 24 பேரும் போட்டியாளரைக் கீழே தள்ளும் நோக்கில் 'ஆ'வை வேண்டுமென்றே மூன்றாமிடத்தில் வைத்தால், 'ஆ' 116-ஆகச் சரியும், 'இ' 136-ஆக உயர்ந்து வெல்லும். அவர்கள் விரும்பிய 'அ'வும் வெல்லவில்லை, பெரும்பாலோர் ஏற்ற 'ஆ'வும் வெல்லவில்லை. எனவே நான் நீக்கி எண்ணும் முறையையே பரிந்துரைக்கிறேன். ஹியூகோ விருதின் இறுதிச் சுற்றிலும் வரிசைப்படுத்திய வாக்குகளை இப்படித்தான் எண்ணுகிறார்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் முடிவை யாரும் குறை சொல்ல முடியாது.

எந்த முறையானாலும் வாக்குப்பதிவு தொடங்கும் முன் அறிவித்துவிட வேண்டும். சமநிலை வந்தால் இருவருக்கும் விருது கொடுங்கள். குலுக்கல் வேண்டாம்.

படி 7: எண்ணும் நாள்

மூன்று பேர் போதும். ஒருவர் வாசிக்க, ஒருவர் குறிக்க, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பிரிவை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் முன் மொத்தச் சீட்டுகளோடு கூட்டுத்தொகை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் மறுபடி எண்ணுங்கள். படைப்பாளியின் பெயர் பல விதமாக எழுதப்பட்டிருக்கும், அவற்றை ஒன்றாகச் சேர்ப்பதை மூவரும் ஒப்புக்கொண்ட பிறகே செய்யுங்கள்.

படி 8: அறிவிப்பு, பிறகு கடிதம்

முடிவை வெளியிடும்போது வென்றவரின் பெயரோடு நிறுத்தாமல், ஒவ்வொரு சுற்றின் எண்ணிக்கையையும் வெளியிடுங்கள். படைப்புக்கான பிரிவுகளில் தொடரின் தலைப்புக்குக் கீழே முழுக் குழுவின் பெயர்களையும் அச்சிடுங்கள். பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளர் பேட்மேன் உருவான நாளிலிருந்து உடன் உழைத்தவர். 1974-இல் அவர் இறந்தார். பேட்மேன் உருவாக்கத்தில் அவருடைய பெயர் முறையாக இடம்பெறத் தொடங்கியது 2015-இல்தான். நம் பட்டியல் சிறியது என்றாலும் அதில் ஒரு பெயர்கூட விடுபடக்கூடாது.

ஒரு வாரம் பிழைதிருத்தக் காலம் கொடுங்கள். தவறு இருந்தால், எது தவறு, எப்படித் திருத்தினோம் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். சீட்டுகளைக் குறைந்தது அடுத்த வாக்கெடுப்பு வரையாவது பாதுகாத்து வையுங்கள்.

கடைசி வேலை, வென்றவர்களுக்கு எழுதுவது. எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் பாராட்டுக் கடிதங்கள் நிறைய வரும். எனவே முதலில் எழுத்து வரைபவருக்கும் மை தீட்டுபவருக்கும் எழுதுங்கள். "உங்களுக்கு விருது கிடைத்துள்ளது" என்ற ஒற்றை வரியோடு அனுப்பிவிடாதீர்கள். வாக்காளர்கள் பரிந்துரைச் சுற்றில் எழுதிய அந்த ஒரு வரிக் காரணங்களை எடுத்து, எந்த இதழ், எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்ற விவரத்தோடு அப்படியே சேர்த்து அனுப்புங்கள்.